எழுதிக் கொடுக்காமல் கூட்டிப் போனவர்கள்

2021 மார்ச் 6ஆம் தேதி இரவு, பர்மாவில் (இப்போது மியான்மர்) யாங்கூன் நகரின் பபேடான் பகுதியில் கின் மௌங் லாட் என்பவரை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள். வயது 58. ஆங் சான் சூச்சி கட்சியின் வட்டாரப் பொறுப்பாளர். ராணுவம் ஆட்சியைப் பிடித்து அப்போதுதான் ஒரு மாதம் தாண்டியிருந்தது. மறுநாள் குடும்பத்துக்குத் தகவல் வந்தது, ராணுவ மருத்துவமனைக்கு வந்து உடலை வாங்கிக்கொள்ளச் சொல்லி. மயங்கி விழுந்து இறந்துவிட்டார் என்று காரணம் சொன்னார்கள். தலையில் சுற்றியிருந்த துணியில் ரத்தம் ஊறியிருந்தது. முந்தின நாள் வரை நடமாடிக்கொண்டிருந்த மனிதர்.

பபேடான் என்று சொன்னால் வடசென்னையில் யாருக்கும் சட்டென்று விளங்காது. மொகல் தெரு என்று சொன்னால் எங்கள் வியாசர்பாடியில் பழைய ஆட்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்த ரங்கூன் மொகல் தெரு அந்தப் பபேடானில்தான் இருக்கிறது. இன்றைக்கு அதன் பெயர் ஷ்வே பொந்தா தெரு. ரங்கூனே யாங்கூன் ஆகிவிட்டது. ஆனால் பர்மாவிலிருந்து வந்தவர்கள் குடியிருக்கும் எங்கள் காலனியில், அத்தோ, மொய்ங்கா என்று பர்மா நூடுல்ஸ் விற்கிற கடைக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள், ரங்கூன் என்றுதான் சொல்வார்கள். அவர்களில் பலருக்கு அங்கே இன்னும் சித்தப்பா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள் இருக்கிறார்கள். 2021இல் அந்த வாரங்களில் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து போனைக் கையிலிருந்து கையாக மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரங்கூனில் ராத்திரி எட்டு மணி ஆனால் ஊர் முழுக்கத் தட்டையும் பானையையும் அடிக்கிற சத்தம். பிசாசை விரட்ட அங்கே காலங்காலமாகச் செய்கிற காரியம். தெருவுக்குள் ஆளைப் பிடிக்க வண்டி வருகிறது என்று அக்கம்பக்கத்துக்குச் சொல்வதற்கும் அதே பானைதான்.

நான் எருக்கஞ்சேரி நெடுஞ்சாலையில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். ஆதார் நகல், ரேஷன் அட்டை விண்ணப்பம், பென்ஷன் மனு, எஃப்.ஐ.ஆர். நகல் எல்லாம் என் கை வழியாகப் போகும். காகிதம் இல்லாத ஆளுக்கு இந்த ஊரில் என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதைக் கடையில் உட்கார்ந்து கற்றுக்கொள்வதற்கு முன்பே ஆயா எனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்.

ஆயாவும் தாத்தாவும் ரங்கூனின் கெமண்டைன் பகுதியில் இருந்தவர்கள். தாத்தா ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதினார். 1964இல் ராணுவ அரசு கடைகளை எல்லாம் எடுத்துக்கொண்டது. மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தது. சேர்த்த பணம் காகிதக் குப்பையாக ஆன பிறகு, லட்சக்கணக்கான இந்தியர்கள் அங்கிருந்து கிளம்பினார்கள். எங்கள் வீட்டார் கப்பல் ஏறிய கதையும் ஆயாவின் தோட்டைத் துறைமுகத்தில் கழற்றி வாங்கிக்கொண்ட கதையும் காலனியில் எல்லார் வீட்டிலும் உள்ள கதைதான். அதை விட்டுவிடுகிறேன். நான் சொல்ல வந்தது கீழ்வீட்டுப் பையனைப் பற்றி.

அவர்கள் பர்மியக் குடும்பம். பையன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தான். 1962 மார்ச் 2இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். ஜூலை 7ஆம் தேதி, விடுதிக்குப் போட்ட புதுக் கட்டுப்பாடுகளை எதிர்த்து ரங்கூன் பல்கலைக்கழக மாணவர்கள் திரண்டார்கள். ராணுவம் சுட்டது. செத்தவர்கள் இருபதுக்கும் கீழே என்றது அரசு. நூற்றுக்கும் மேல் என்றார்கள் மாணவர்கள். மறுநாள் விடியற்காலை மாணவர் சங்கக் கட்டடத்தையே வெடி வைத்துத் தகர்த்தார்கள். வெடிச் சத்தத்தில் கெமண்டைனில் சன்னல் கண்ணாடி அதிர்ந்தது என்று ஆயா சொல்வார். சுடச் சொன்ன படைப்பிரிவுக்குத் தலைமை வகித்தவர் செயின் லுவின். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், திரும்ப வரும்.

கீழ்வீட்டுப் பையன் அன்றைக்கு உயிரோடு வீடு வந்து சேர்ந்தான். சில நாள் கழித்து, ராத்திரி மூன்று பேர் வந்தார்கள். சீருடை இல்லை. லுங்கி, செருப்பு. குரலைக்கூட உயர்த்தவில்லை. கொஞ்ச நேரம் பேசிவிட்டு அனுப்பிவிடுகிறோம் என்றார்கள். அந்த அம்மா சட்டை எடுத்துக் கொடுத்தாராம், ராத்திரி குளிருமே என்று.

அப்புறம் அவன் வரவில்லை.

அந்த அம்மா அடுக்குக் கேரியரில் சோறு எடுத்துக்கொண்டு இன்செயின் சிறைக்குப் போவார். வாசலில் இருக்கிறவர் நோட்டைப் புரட்டிப் பார்ப்பார். பெயர் இல்லை என்பார். போலீஸ் நிலையத்துக்குப் போவார். அங்கேயும் பெயர் இல்லை. ராணுவ முகாமுக்குப் போனால், நாங்கள் யாரையும் பிடிக்கவில்லையே என்பார்கள். "பேரு நோட்டுல இல்லாத ஆளுக்கு சோறு வாங்க மாட்டாங்க கண்ணு. பேரு இல்லன்னா அவன் அங்க இல்ல. அங்க இல்லன்னா அவன எவனும் அடிக்கல, எவனும் கொல்லல. புரியுதா?" என்று ஆயா கேட்பார். சின்ன வயதில் எனக்கு அது புரியவில்லை.

அந்த அம்மாவுக்கு நடந்ததுதான் அந்த நாட்டின் ஒரு சிற்றரசர் குடும்பத்துக்கும் நடந்தது. ஷான் மாநிலத்தில் சீபோ என்று ஓர் ஊர். அதன் இளவரசர் சாவ் கியா செங் அமெரிக்காவின் கொலராடோவில் சுரங்கப் பொறியியல் படித்தவர். ஆஸ்திரியாவைச் சேர்ந்த இங்கே என்ற பெண்ணை மணந்து ஊருக்குத் திரும்பினார். தன் குடும்பத்து நெல் வயல்களை உழுதவர்களுக்கே கொடுத்தார். 1962இல் ஆட்சி கவிழ்ந்த நாளில் டௌங்ஜிக்கு அருகே ஒரு சோதனைச் சாவடியில் ராணுவம் அவரை நிறுத்தியது. அதற்குப் பிறகு அவரை வீட்டார் யாரும் பார்க்கவில்லை. ஆனால் ஒரு கடிதம் வந்தது. பா டு மியோ என்ற இடத்தில் ராணுவக் கொட்டடியில் தன்னைப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று அவர் தன் கையால் எழுதி, ரகசியமாக மனைவிக்கு அனுப்பிய கடிதம்.

ராணுவம் என்ன சொன்னது? அப்படி ஒருவரை நாங்கள் கைது செய்யவே இல்லை என்றது. மனைவி கையில் கணவரின் எழுத்து இருக்கிறது, இடத்தின் பெயர் இருக்கிறது, அப்படியும் இல்லை என்றது. அந்தப் பெண் 1964இல் இரண்டு பெண் குழந்தைகளோடு நாட்டை விட்டு வெளியேறினார். அதன் பிறகு பல பத்தாண்டுகள், தன் கணவருக்கு என்ன ஆனது என்று ஒரு பதிலைக் கேட்டுக்கொண்டே இருந்தார். 2023இல் அவரும் இறந்துவிட்டார். இன்று வரை பர்மா அரசு எழுத்தில் ஒரு வரி கொடுக்கவில்லை.

இதை நான் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். ஓர் அரசிடம் துப்பாக்கி, சிறை, நீதிமன்றம் எல்லாமே இருக்கிறது. நீதிபதியும் அவர்கள் ஆளே. நினைத்தால் ஒரு பொய் வழக்குப் போட்டுத் தூக்கிலேயே போட்டிருக்கலாம். அதைச் செய்யாமல் ஏன் இல்லை என்று சொல்கிறார்கள்? பொய் வழக்குக்கும் ஒரு தாள் வேண்டும். அதில் தேதி இருக்கும், ஓர் அதிகாரியின் கையெழுத்து இருக்கும், என்றைக்காவது ஒருவர் அதை எடுத்து நீட்டி இது உன் கையெழுத்துதானே என்று கேட்பார். சாட்சி இருந்தாலாவது மிரட்டலாம். தாளை மிரட்ட முடியாது. அதனால் எழுதவே மாட்டார்கள்.

ஆனால் மக்களிடம் அவர்கள் கேட்ட காகிதத்துக்கு அளவே கிடையாது. பர்மாவில் வீட்டுக்கு வீடு ஒரு குடும்பப் பட்டியல் உண்டு. அதில் பெயர் இல்லாத ஆள் ஒரு ராத்திரி தங்கினாலும் வார்டு அலுவலகத்தில் போய் எழுதி வைக்க வேண்டும். மகள் பிரசவத்துக்கு வந்தாலும் எழுத வேண்டும். நடுராத்திரி கதவைத் தட்டிப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தலையை எண்ணிப் பார்ப்பார்கள். பட்டியலில் இல்லாத தலை இருந்தால் விருந்தாளிக்கும் தண்டனை, வீட்டுக்காரருக்கும் தண்டனை. இது வெள்ளைக்காரன் 1907இல் போட்ட ஊர்ச் சட்டங்களிலிருந்து வந்தது. ராணுவம் அதைத் தூசி தட்டிக் கூர் தீட்டிக்கொண்டது. இந்தியர்களுக்கு இதற்கு மேல் வெளிநாட்டார் பதிவுச் சான்று வேறு. தாத்தா சாகிற வரை அதை ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தார். வியாசர்பாடியில் எந்த அதிகாரியும் அதைக் கேட்கப் போவதில்லை. இருந்தாலும் மழை ஒழுகினால் முதலில் அந்தப் பெட்டியைத்தான் தூக்குவார்.

இந்தப் பட்டியல்தான் ரகசியப் போலீஸுக்குக் கண். ராணுவப் புலனாய்வை அங்கே எல்லாரும் எம்.ஐ. என்றே சொல்வார்கள். டீக்கடையில் பக்கத்து மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்துவிட்டுத்தான் பேச்சே. எம்.ஐ. ஆள் வந்து கூட்டிப் போகும்போது சொல்கிற சொல், கொஞ்ச நேரம் வந்துட்டுப் போங்க. அந்தக் கொஞ்ச நேரம் பத்து வருடம், பதினைந்து வருடம் ஆனவர்கள் ஏராளம். தலையில் துணிப்பையைக் கவிழ்த்து, வண்டியில் சுற்றிச் சுற்றி ஓட்டி, எந்த இடம் என்றே தெரியாத விசாரணைக் கூடத்தில் இறக்குவார்கள். யாங்கூனுக்கு வடக்கே மிங்கலடான் பக்கம் இருந்த யே சி ஐங் விசாரணை மையத்தைப் பற்றி, உயிரோடு வெளியே வந்தவர்கள் நிறையச் சொல்லியிருக்கிறார்கள். வராதவர்கள் கணக்கு எந்த நோட்டிலும் இல்லை.

1988க்கு வருகிறேன். மார்ச் மாதம் ஒரு டீக்கடைச் சண்டையில் ஆரம்பித்தது. பொறியியல் மாணவர் போன் மோ சுட்டுக் கொல்லப்பட்டார். சில நாளில் இன்யா ஏரிக்கரையில் மாணவர்களை மடக்கி அடித்தார்கள், நீரில் அமுக்கினார்கள். வெள்ளைப் பாலம் என்று பெயர் கொண்ட அந்த இடத்தை அதற்குப் பிறகு சிவப்புப் பாலம் என்றே சொல்கிறார்கள். பிடிபட்ட மாணவர்களைப் போலீஸ் வண்டியில் அடைத்து இன்செயின் சிறைக்குக் கொண்டுபோனார்கள். வண்டிக்குள் 41 பேர் மூச்சுத் திணறிச் செத்தார்கள். முதலில் அரசு இதை மறைத்தது. ஜூலை மாதம்தான் ஒப்புக்கொண்டது. 41 பேர், ஒரே வண்டியில்.

இதையெல்லாம் செய்த கலவரத் தடுப்புப் போலீஸ் யார் கையில் இருந்தது? 1962இல் மாணவர்களைச் சுட்ட அதே செயின் லுவின் கையில். ஜூலை கடைசியில் அவரையே நாட்டின் அதிபராக்கினார்கள். 26 வருடத்துக்கு முன் செய்ததற்கு யாரும் அவரை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, அதனால் அவர் மேலே மேலே போனார். ஆகஸ்ட் 8இல் நாடே தெருவுக்கு வந்தது. சில நாளில் அவர் பதவி இழந்தார். செப்டம்பர் 18இல் ராணுவம் மறுபடி நேராகவே ஆட்சியை எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டு செத்தவர்கள் சுமார் 3,000 பேர் என்று பொதுவாகச் சொல்கிறார்கள்.

எம்.ஐ.யின் தலைவராக இருந்த கின் நியுண்ட்டின் கதையும் ஒன்று உண்டு. இருபது வருடம் நாட்டையே நடுங்க வைத்தவர். 2004 அக்டோபரில் சக ஜெனரல்களே அவரைப் பிடித்து வீட்டுக்காவலில் வைத்தார்கள், எம்.ஐ.யைக் கலைத்தார்கள். அடுத்த மாதமே ஆயிரக்கணக்கான கைதிகளை விடுதலை செய்தார்கள். கின் நியுண்ட்டின் கையில் இருந்த தேசியப் புலனாய்வு அமைப்பு அவர்களை முறையில்லாமல் சிறையில் தள்ளியிருந்தது என்று அரசே அறிவித்தது. அப்படியானால் அதே அமைப்பின் கையில் செத்தவர்கள்? அவர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. கின் நியுண்ட் 2012இல் விடுதலையாகி, தன் வீட்டு வளாகத்தில் ஓவியக்கூடமும் காப்பிக்கடையும் திறந்தார். கலைத்த எம்.ஐ.யின் இடத்துக்கு ராணுவப் பாதுகாப்பு விவகார அலுவலகம் என்று இன்னொன்று வந்தது. வேலை மாறவில்லை.

ஒரே ஒரு கொலைக்குத் தாளும் படமும் கிடைத்தபோது என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2017 செப்டம்பரில் ரக்கைன் மாநிலத்தின் இன் டின் கிராமத்தில் பத்து ரோஹிங்கியா ஆண்களை வரிசையாக மண்டியிட வைத்துக் கொன்று ஒரே குழியில் போட்டார்கள். மண்டியிட்டிருந்த படம் ராய்ட்டர்ஸ் நிருபர்கள் வா லோன், சோ சோ ஊ இருவர் கைக்குக் கிடைத்தது. அவர்களுக்கு ஏழு வருடத் தண்டனை கொடுத்தார்கள். 500 நாளுக்கு மேல் சிறையில் இருந்துவிட்டு 2019 மே மாதம் வெளியே வந்தார்கள். கொன்ற ஏழு ராணுவத்தினருக்குப் பத்து வருடக் கடுங்காவல் என்றார்கள். ஒரு வருடம் முடிவதற்குள் விட்டுவிட்டார்கள். கொன்றவர்களைவிட, கொன்றதை எழுதியவர்கள்தான் அதிக நாள் உள்ளே இருந்தார்கள். எழுத்துக்கு அவர்கள் எவ்வளவு பயப்படுகிறார்கள் என்று இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

2021இல் மறுபடி ஆட்சியைப் பிடித்ததும் ராணுவம் செய்த முதல் வேலைகளில் ஒன்றைப் பாருங்கள். பிப்ரவரி 13ஆம் தேதி, குடிமக்களின் பாதுகாப்புச் சட்டத்தில் சில பிரிவுகளை நிறுத்தி வைத்தார்கள். சாட்சி இல்லாமல் வீட்டுக்குள் நுழையக் கூடாது, நீதிமன்றத்துக்குச் சொல்லாமல் 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று சொன்ன பிரிவுகள். அதே நாட்களில், ராத்திரி விருந்தாளியைப் பதிவு செய்யும் பழைய விதி திரும்பி வந்தது. தங்கள் பக்கத்துக் காகிதத்தைக் கிழித்துவிட்டு, மக்கள் பக்கத்துக் காகிதத்தைக் கேட்டார்கள். மூன்று வாரத்தில் கின் மௌங் லாட்டின் வீட்டுக்கு ஆள் வந்தது.

மே மாதம் ஷ்வேபோவில் கெட் தி என்ற கவிஞரையும் அவர் மனைவியையும் பிடித்துக்கொண்டு போனார்கள். வேலையை விட்டுவிட்டுக் கவிதை எழுதியவர், ஐஸ்க்ரீமும் கேக்கும் விற்றுப் பிழைத்தவர். மறுநாள் மனைவியை மோன்யுவா மருத்துவமனைக்கு வரச் சொன்னார்கள். கை கால் உடைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன், உடலாகக் கொடுத்தார்கள், உள்ளுறுப்புகளை எடுத்திருந்தார்கள் என்று அவர் செய்தியாளர்களிடம் சொன்னார். 2022 ஜூலையில் ஜனநாயகப் போராளி கோ ஜிம்மி, சூச்சி கட்சியின் முன்னாள் எம்.பி. பியோ ஸெயா தோ உட்பட நான்கு பேரைத் தூக்கில் போட்டபோது, உடல்களைக்கூடக் குடும்பத்தாரிடம் கொடுக்கவில்லை.

அதே 2022 ஜூலையில் செத்த இரண்டு தமிழர்களை இங்கே எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? மணிப்பூர் எல்லையில் மோரே என்று ஓர் ஊர். அறுபதுகளில் தமிழ்நாட்டுக்கு வந்து பிழைக்க முடியாமல், நடந்தே பர்மாவுக்குத் திரும்பிவிடலாம் என்று போனவர்களை எல்லையில் தடுத்தார்கள். அவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். தமிழ்ச் சங்கமும் அங்காள பரமேஸ்வரி கோயிலுமாக ஊரே உருவாயிற்று. எங்கள் காலனிக்கும் மோரேக்கும் கொள்வினை கொடுப்பினை உண்டு. ஜூலை 5ஆம் தேதி அங்கிருந்து இரண்டு இளைஞர்கள் எல்லை தாண்டிப் பக்கத்து ஊரான டாமுவுக்குப் போனார்கள். அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ராணுவத்தின் ஆதரவில் இயங்கும் பியூ சோ டீ என்ற ஆயுதக் குழுவின் மேல்தான் சந்தேகம். நம் செய்தித்தாள்களில் இரண்டு நாள் வந்தது. அப்புறம் போய்விட்டது.

முன்னாள் அரசியல் கைதிகள் 2000இல் தாய்லாந்து எல்லையில் மே சோட் ஊரில் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள், அரசியல் கைதிகளுக்கு உதவுவதற்காக. அவர்கள்தான் இன்று ஒவ்வொரு சாவையும் பெயர், வயது, ஊர், தேதி என்று எழுதி வைக்கிறார்கள். 2021க்குப் பிறகு ராணுவமும் அதன் கூலிப்படைகளும் கொன்றவர்கள் என்று அவர்கள் உறுதிசெய்த பட்டியல், 2025 தொடக்கத்திலேயே 6,000 பெயர்களைத் தாண்டிவிட்டது. ஆயா உயிரோடு இருந்திருந்தால் அந்தப் பட்டியலை அச்செடுத்து அவர் கையில் கொடுத்திருப்பேன். எழுத்துக் கூட்டி ஒவ்வொரு பெயராகப் படித்திருப்பார்.

சரி, இதையெல்லாம் வியாசர்பாடியில் உட்கார்ந்துகொண்டு ஏன் எழுதுகிறேன்? எங்கள் ஊரிலேயே கேட்கிற ஒரு பேச்சு என்னைத் தூங்கவிடவில்லை.

2024 ஜூலை 5ஆம் தேதி பெரம்பூரில் ஒரு தேசியக் கட்சியின் மாநிலத் தலைவரை வெட்டிக் கொன்றார்கள். வடசென்னையே கொதித்தது, எனக்கும் கொதித்தது. ஒன்பது நாள் கழித்து, அந்த வழக்கில் கைதாகிப் போலீஸ் பிடியில் இருந்த ஒருவர் மாதவரம் பக்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆயுதத்தை எடுக்கக் கூட்டிப் போனபோது தப்பிக்கப் பார்த்துத் தங்களைச் சுட்டார் என்று போலீஸ் சொன்னது. செப்டம்பரில் எங்கள் வியாசர்பாடியிலேயே இன்னொரு என்கவுன்ட்டர். 2012இல் வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டுக்குள் வங்கிக் கொள்ளையர்கள் என்று ஐந்து பேரைச் சுட்டதும் பலருக்கு நினைவிருக்கும். ஒவ்வொரு தடவையும் என் கடை வாசலில் அதே பேச்சு. "நல்லா போட்டாங்க." "சும்மாவா சுடுவாங்க? இன்னாவோ பண்ணியிருப்பான்." சொல்கிறவர்கள் கெட்டவர்கள் கிடையாது. ரவுடிக்கு மாமூல் கொடுத்து நொந்தவர்கள், பிள்ளையை வெட்டுக் குத்தில் பறிகொடுத்தவர்கள். அவர்கள் கோபம் எனக்குத் தெரியும்.

ஆனால் பர்மாவிலிருந்து வந்த வீட்டுப் பிள்ளைகளும் அதைச் சொல்லும்போது எனக்குத் தாங்கவில்லை. கீழ்வீட்டுப் பையனைக் கூட்டிப் போன மறுநாள் காலையில் அந்தத் தெருவில் இதே பேச்சைத்தான் பேசினார்கள் என்று ஆயா சொல்லியிருக்கிறார். சும்மாவா வருவாங்க, அவன் ஏதோ பண்ணியிருப்பான் என்று. தாத்தாவும் அதைச் சொன்னவர்தானாம். தகரப் பெட்டியில் தன் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருந்த மனிதர், அந்தப் பையனுக்கு ஏன் ஒரு காகிதம் இல்லை என்று கேட்கவில்லை. பயம் ஒரு காரணம். இன்னொரு காரணம், அப்படி நினைத்துக்கொண்டால் நம் வீட்டுக்கு வரமாட்டார்கள் என்று ஒரு நிம்மதி.

தமிழ்நாடு ராணுவ ஆட்சியில் இல்லை. இங்கே நான் இதை என் பெயரில் எழுதிவிட்டு நாளைக் காலை கடையைத் திறக்க முடிகிறது. யாங்கூனில் முடியாது. இந்த வித்தியாசம் பெரியது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அந்த வித்தியாசத்தைத் தாங்கி நிற்கிறது சில தாள்கள். 1986இல் மேற்கு வங்கத்தில் சட்ட உதவிப் பணியில் இருந்த டி.கே. பாசு, லாக்கப் சாவுகளைப் பற்றி உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதமே வழக்காகி, 1996 டிசம்பர் 18இல் தீர்ப்பு வந்தது. கைது செய்கிற போலீஸ்காரர் சட்டையில் பெயர் தெரிய வேண்டும். கைதுக் குறிப்பு எழுத வேண்டும். அதில் நேரமும் தேதியும் இருக்க வேண்டும். குடும்பத்தாரோ ஊரில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டாருக்குச் சொல்ல வேண்டும். 48 மணி நேரத்துக்கு ஒரு தடவை டாக்டர் பார்க்க வேண்டும். 2014இல் என்கவுன்ட்டர் பற்றி இன்னொரு தீர்ப்பு: ஒவ்வொன்றுக்கும் எஃப்.ஐ.ஆர். போட வேண்டும், சிஐடியோ வேறு நிலையத்துப் போலீஸோ விசாரிக்க வேண்டும், மாஜிஸ்திரேட் விசாரணை வேண்டும், சம்பவம் நடந்த உடனே பதவி உயர்வோ வீர விருதோ கொடுக்கக் கூடாது.

இதெல்லாம் இருந்தும் இங்கே சாவு நடக்கிறது. 2022 ஜூனில் எங்களுக்குப் பக்கத்தில், கொடுங்கையூரில், விசாரணைக்குக் கூட்டிப் போன ஒருவர் இறந்தார். 2020இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும். ஆனால் சாத்தான்குளத்தில் ஒரு மாஜிஸ்திரேட் அந்த நிலையத்துக்கே போய் உட்கார்ந்தார், அங்கே வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர் ராத்திரி தான் கண்டதைச் சொன்னார், அது எழுத்தில் ஏறியது. அந்த எழுத்து இல்லை என்றால், உடல்நிலை சரியில்லாமல் செத்தார்கள் என்பதோடு முடிந்திருக்கும். கின் மௌங் லாட் மயங்கி விழுந்து செத்ததைப் போல.

அதனால் என் கடைக்கு வருகிறவர்களிடம் நான் ஒன்றைச் சொல்கிறேன். ரவுடியோ, திருடனோ, உங்களுக்குப் பிடிக்காத பக்கத்து வீட்டுக்காரனோ, போலீஸ் கூட்டிப் போகும்போது கைதுக் குறிப்பு கேளுங்கள். தர மறுத்தால் 15100க்குப் போன் போடுங்கள், சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச எண். அவன் நல்லவனா என்று அந்த நேரத்தில் யோசிக்காதீர்கள். அதை முடிவு பண்ண வேறு ஆள் இருக்கிறார்.

போன வருடம் எங்கள் பின்தெருவில் ஒரு பையனை ராத்திரி மப்டியில் வந்து கூட்டிப் போனார்கள். சும்மா விசாரிச்சுட்டு அனுப்பிடுறோம் என்று சொன்னார்களாம். அவன் அம்மா நேராக என் வீட்டுக் கதவைத் தட்டினார். டைப்பிங் கடை அக்காவுக்கு எல்லாம் தெரியும் என்று நினைப்பு. பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவரையும் தெரிந்த வக்கீல் ஒருவரையும் சேர்த்துக்கொண்டு நிலையத்துக்குப் போனோம். முதலில் அப்படி யாரும் இங்கே இல்லை என்றார்கள். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குக் கை நடுங்கியது. இன்செயின் வாசலில் நோட்டைப் புரட்டியவரின் பதில் அது. நாங்கள் வாசற்படியிலேயே உட்கார்ந்தோம். வக்கீல், உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் பெயரைச் சொல்லித் திரும்பத் திரும்பக் கேட்டார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. திட்டினார்கள். உட்கார்ந்தே இருந்தோம். கடைசியில் ஒருவர் வந்து, உள்ளே இருக்கிறான், கையெழுத்துப் போடுங்க என்று தாளை நீட்டினார். அந்த அம்மா நேரத்தை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் அவனை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தினார்கள். செல்போன் பறிப்பு வழக்கு. செய்தானா இல்லையா என்று எனக்குத் தெரியாது, செய்திருக்கவும் கூடும். இப்போது ஜாமீனில் இருக்கிறான். ஜார்ஜ் டவுன் கோர்ட்டுக்கு வாய்தாவுக்கு வாய்தா போய் வருகிறான். ஒவ்வொரு வாய்தாவுக்கும் முதல் நாள் சாயங்காலம், வழக்குக் கட்டை நகல் எடுக்க அவன் அம்மா என் கடைக்கு வருவார்.